இடப்பக்கத்து இழை

"என் குழந்தைக்கு மட்டும் ஏன் மேடம்?"

கோகிலவாணி வாசலிலேயே நின்று கேட்டாள். தோளில் பை தொங்கியது. உள்ளே வரவில்லை.

சுபைதா கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"பாப்பா எப்படி இருக்கா?"

"நேத்தும் வலிப்பு வந்துது."

"பால் குடிக்கிறாளா?"

"குடிக்கிறா. பாதி வெளியே வந்துடுது."

"யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

"எங்கம்மாகிட்ட."

சுபைதா கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"கை கழுவிட்டு உள்ளே வாங்க" என்றார்.

*

கோவைக்கு வெளியே, பொள்ளாச்சி சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்த ஆராய்ச்சிக்கூடம். உள்ளே வரிசை வரிசையாகத் தொட்டிகள். எல்லாவற்றிலும் விரல் நீளம்கூட இல்லாத வரிமீன்கள்.

சுபைதாதான் அங்கே தலைமை. வயது முப்பத்தைந்து. அதிகம் பேசமாட்டார். பேசினால் கேட்டவருக்கு அன்று சோறு இறங்காது என்று மாணவர்கள் சொல்வார்கள்.

கோகிலவாணி அவரைவிட மூன்று வயது மூத்தவள். ஒரு கலைக் கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. விசேஷ வீடுகளில் எல்லோருக்கும் பதில் சொல்லி அலுத்துப்போய், மேலே படிக்கலாம் என்று இங்கே வந்து சேர்ந்தாள்.

அவள் ஆராய்ந்தது ஒரு நரம்பிழை போகும் வழியை.

மீன் முட்டைக்குள் இருக்கும்போதே அதன் பின்மூளையில் இடப்பக்கம் ஒரு பெரிய செல்லும் வலப்பக்கம் ஒரு பெரிய செல்லும் உண்டாகும். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழை புறப்படும். நடுக்கோட்டைத் தாண்டும். எதிர்ப்பக்கம் திரும்பி, முதுகுத்தண்டு வழியாக வால்வரை இறங்கும்.

அந்த இழைக்குக் கண் கிடையாது. போகவேண்டிய ஊர் தெரியாது. அதன் நுனியில் உள்ளங்கை மாதிரி ஒன்று விரிந்து சுருங்கும். மெல்லிய விரல்களை நீட்டிச் சுற்றிலும் தடவும். ஓரிடத்தில் வா என்று ஒரு வாசனை. ஓரிடத்தில் போ என்று ஒரு வாசனை. வா என்ற பக்கம் ஓரடி நகரும். மறுபடி தடவும்.

நடுக்கோடு அதைத் தூரத்திலிருந்து கூப்பிடும். தாண்டி முடித்ததும் அதே நடுக்கோடு விரட்டும். அதனால்தான் போன இழை திரும்பி வருவதில்லை.

மனிதக் குழந்தைக்கும் ஏறக்குறைய இப்படித்தான். மூளையின் இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்குக் கோடிக்கணக்கில் இழைகள் தாண்டும். அவை சேர்ந்து ஒரு பாலமாகும்.

முப்பத்தேழு வயதில் கோகிலவாணி உண்டானாள்.

ஆறாம் மாத ஸ்கேனில் டாக்டர் பேச்சை நிறுத்தினார். கருவியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பக்கத்தையும் சேர்க்கிற பாலம் தெரியலைம்மா" என்றார்.

பிறகு விளக்கத் தொடங்கினார். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பயப்படாதீங்க. இது இல்லாமலே நல்லா இருக்கிற குழந்தைங்களும் இருக்காங்க."

பிறந்த மகள் ஆதிரை அந்தக் குழந்தைகளில் ஒருத்தியாக இல்லை. பிறந்த மாதமே வலிப்பு தொடங்கிவிட்டது. கழுத்து நிற்கவில்லை. பார்வை எதிலும் நிலைக்கவில்லை.

*

"மீனைக் குத்திக் குத்திப் பார்த்தா, பொறக்கறது எப்படி இருக்கும்?" என்றார் மாமியார்.

கணவர் மோகனசுந்தரம் பொள்ளாச்சியில் ஒரு தென்னைநார் ஆலையில் சூப்பர்வைசர். அதிர்ந்து பேசாதவர்.

"அந்த லேபுல என்னென்ன மருந்தோ. நான் அப்பவே லீவு போடச் சொன்னேன்" என்றார்.

அவர்களிடம் ஒரு காரணம்தான் இருந்தது. கோகிலவாணியிடம் நிறைய இருந்தன.

மூன்றாம் மாதம் வந்த காய்ச்சல். அதற்குப் போட்ட மாத்திரை. கையுறை கிழிந்தது தெரியாமல் வேலை செய்த ஒரு சாயங்காலம். வயது. இதுவும் தங்காது என்று ஆரம்பத்தில் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது.

மரபணுச் சோதனை செய்தார்கள். அவளிடத்திலும் குறை இல்லை, அவரிடத்திலும் குறை இல்லை என்று வந்தது.

"எதுவும் இல்லைன்னா என்ன அர்த்தம்? அவ ராசி" என்றார் மாமியார்.

அடுத்த வாரம் கோகிலவாணி குழந்தையோடு கிணத்துக்கடவில் தன் அம்மா வீட்டுக்கு வந்தாள். புகுந்த வீட்டில் யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

*

கோகிலவாணி கை கழுவிவிட்டு வந்ததும் சுபைதா ஒரு தட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். மயக்கமருந்து கலந்த தண்ணீரில் ஒரு மீன்குஞ்சு கிடந்தது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும் உடம்பு.

"பாருங்க."

கோகிலவாணி குனிந்தாள். இருட்டில் இரண்டு பச்சை இழைகள் ஒளிர்ந்தன.

வலப்பக்கத்து இழை நடுக்கோட்டைத் தாண்டி ஒழுங்காக இறங்கியிருந்தது. இடப்பக்கத்து இழை நடுக்கோடுவரை போயிருந்தது. அங்கே வளைந்து, தன் பக்கத்திலேயே கீழே இறங்கிவிட்டிருந்தது.

"இடப்பக்கம் தாண்டலை" என்றாள்.

"இதோட அம்மா செஞ்ச தப்பு என்னன்னு கண்டுபிடிங்க. அப்புறம் உங்க கேள்விக்கு வர்றேன்."

"மேடம், நான் என் குழந்தையைப் பத்திக் கேட்டேன்."

"நான் மீனைப் பத்திச் சொன்னேன்."

சுபைதா அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

*

கோகிலவாணி அந்தக் குஞ்சைத் தனிக் குவளையில் விட்டாள்.

ஒரு மெல்லிய நூலால் மற்ற குஞ்சுகளை இடது பக்கம் தொட்டால் வலது பக்கம் பாய்ந்து தப்பின. வலது பக்கம் தொட்டால் இடது பக்கம்.

இந்தக் குஞ்சு வலது பக்கம் தொட்டால் தப்பித்தது. இடது பக்கம் தொட்டால் இடது பக்கமே வளைந்தது. ஆபத்து எங்கிருந்து வருகிறதோ அங்கேயே போய் மோதியது.

பத்து நாள் தேடினாள். ஒரு காரணம் கிடைத்தது.

"தண்ணிதான் மேடம். முட்டை போட்ட வாரம் ஹீட்டர் சரியில்லை. சூடு ஏறியிருக்கு."

சுபைதா ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

"வலப்பக்கத்து இழை?"

"அது தாண்டிடுச்சு."

"அது எந்தத் தண்ணியில இருந்துச்சு?"

கோகிலவாணி திரும்பிப் போனாள்.

*

அடுத்த முறை வந்தபோது உட்காராமலே சொன்னாள்.

"தாய்மீனுக்கு வயசாயிடுச்சு மேடம். முட்டை போடற வயசைத் தாண்டினது. அதை ஜோடி சேர்த்திருக்கவே கூடாது."

"வலப்பக்கத்து இழைக்கு அம்மா வேற மீனா?"

கோகிலவாணியின் முகம் சிவந்தது.

"நீங்க என்னைக் கேலி பண்றீங்க."

"இல்லை."

"எனக்குக் குழந்தை இருக்கு. அங்கே எங்கம்மா ஒத்தையில கிடந்து அல்லாடறாங்க. நான் இங்கே மீனுக்கு ஜாதகம் பார்த்துட்டு இருக்கேன்."

"அப்போ போங்க."

அவள் போகவில்லை.

சுபைதா கணினியைத் திருப்பினார்.

"இந்தக் குஞ்சு முட்டைக்குள்ள இருந்தப்போ எடுத்த படம் இது. இன்னும் யாரும் முழுசாப் பார்க்கலை."

*

கோகிலவாணி பார்த்தாள்.

இரண்டு நுனிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடுக்கோட்டுக்கு வந்தன. இரண்டும் நின்றன. இரண்டும் விரல்களை நீட்டித் தடவின. நீட்டின, மடக்கின.

வலது நுனி நகர்ந்தது. தாண்டியது.

இடது நுனி ஒரு விரலை நீட்டியது. அந்த விரல் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட்டிருந்தது. அந்தப் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு அசையாமல் இருந்தது.

பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது.

அவள் படத்தைப் பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். விரல் போனது. தொட்டது. திரும்பியது.

மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு முறையும் இந்த முறை தாண்டிவிடும் என்றே தோன்றியது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் எழுந்து போனார்கள். வந்தார்கள். அவள் அதே இடத்தில் இருந்தாள்.

*

வீட்டில் அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கில் பால் ஆடை கட்டியிருந்தது.

"வந்துட்டியா கண்ணு. இன்னிக்கு ரெண்டு தடவ வந்துருச்சு. கையக் கால இழுத்துட்டு… எனக்குப் பயமாப் போச்சு."

கோகிலவாணி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"மாப்பிள்ள போன் பண்ணாரா?"

"பண்ணார்."

"என்னன்னாரு?"

"எதனாலன்னு தெரிஞ்சுதான்னு கேட்டார்."

"புள்ளயக் கேக்கலியா?"

ஆதிரை விழித்துக்கொண்டிருந்தாள். கண்கள் கூரையில் எங்கோ அலைந்தன. கோகிலவாணி தன் சுண்டுவிரலை அவள் கைக்குள் வைத்தாள். அந்தக் கை பிடித்தது. பிறகு விட்டுவிட்டது.

*

மூன்றாவது காரணத்தோடு வந்தபோது அவள் குரல் நிதானமாக இருந்தது.

"ஒரு முட்டைதான் பிரிஞ்சு பிரிஞ்சு எல்லா செல்லும் ஆகுது. அப்படிப் பிரியறப்போ இந்த இடது செல்லுல மட்டும் ஒரு மரபணு கெட்டிருக்கலாம். ரத்தத்தைச் சோதிச்சா அது தெரியாது. அம்மாவைச் சோதிச்சாலும் தெரியாது."

சுபைதா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கலாம்."

"எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"தலையைத் திறந்து அந்தச் செல்லை வெளியே எடுக்கணும்."

"மீன்?"

"செத்துடும்."

"எடுத்தா தெரிஞ்சுடுமா?"

"தெரியலாம். தெரியாமலும் போகலாம்."

சுபைதா எழுந்தார். ஊசியும் இடுக்கியும் இருந்த தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். குவளையையும் பக்கத்தில் வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

கோகிலவாணி ஊசியை எடுத்தாள்.

இந்த மூன்று வருடத்தில் எத்தனையோ மீன்களின் தலையைத் திறந்திருக்கிறாள்.

குஞ்சு வளர்ந்திருந்தது. உடம்பில் கோடுகள் விழத் தொடங்கியிருந்தன. மயக்கமருந்து கலக்கும்முன், பழக்கத்தில், ஒரு சிட்டிகை தீனியைத் தூவினாள்.

குஞ்சு தீனியை நோக்கி வந்தது. தவறவிட்டது. குவளையின் சுவரில் முட்டியது. சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. இந்த முறை வாயில் அகப்பட்டது.

அடுத்த துணுக்குக்குப் போனது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

சுபைதா வந்தபோது ஊசி தட்டிலேயே கிடந்தது.

"தெரிஞ்சுதா?"

"திறக்கலை."

"ஏன்?"

"சாப்பிட்டுட்டு இருந்துச்சு."

சுபைதா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

கோகிலவாணிதான் பேசினாள்.

"அப்போ காரணமே கிடையாதா மேடம்?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாது."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே! பாப்பாவை விட்டுட்டு விட்டுட்டு வந்தேனே…"

"முதல் நாளே சொல்லியிருந்தா வேற யார்கிட்டயாவது போயிருப்பீங்க. தெரியும்னு சொல்ற யார்கிட்டயாவது."

கோகிலவாணி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. வந்தது கோபம்தான்.

"நீங்க எனக்கு நல்லது பண்ணினதா நினைக்கறீங்க. தப்பு என்னோடதா இருந்திருந்தா எவ்வளவோ தேவலை. தப்புன்னா சுமக்கலாம். என்னிக்காவது அவகிட்ட மன்னிப்புக் கேக்கலாம். அதையும் புடுங்கிட்டீங்க. இனிமே நான் அவகிட்ட என்னத்தைக் கேக்கறது?"

சுபைதா ஊசி கிடந்த தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

பிறகு கேட்டார்.

"அவளுக்குப் பசிச்சா என்ன பண்ணுவா?"

"வலது காலை உதைப்பா."

"ரெண்டு காலுமா?"

"வலது கால் மட்டும். இடது கால் சும்மா கிடக்கும்."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்லை. நானாப் பார்த்தது."

சுபைதா குவளையை எடுத்து அலமாரியில் வைத்தார்.

"நேரமாச்சு. வீட்டுக்குப் போங்க."

*

சில நாள் கழித்து மோகனசுந்தரம் ஆராய்ச்சிக்கூடத்துக்கே வந்தார்.

வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். சட்டையில் தென்னைநார்த் தூசி. கையில் ஹெல்மெட். தொட்டிகள் இருந்த அறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றார்.

கோகிலவாணி மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை நின்றது.

அவர் அவளிடம் பேசவில்லை. சுபைதாவிடம் போனார்.

"மேடம், நீங்க இதுலயே ஊறினவங்க. ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. இங்கத்த மருந்தாலயா, இல்ல அவங்க பக்கத்து ரத்தமா? எங்கம்மா தெனமும் கேக்கறாங்க. என்னால பதில் சொல்ல முடியறதில்ல."

"அவங்களைக் கேளுங்க" என்றார் சுபைதா. "இந்த விஷயத்துல என்னைவிட அவங்களுக்குத்தான் அதிகம் தெரியும்."

சொல்லிவிட்டு நகர்ந்துபோனார்.

மோகனசுந்தரம் மெதுவாகத் திரும்பினார்.

"சொல்லு கோகிலா. எதனால?"

அவள் தீனி டப்பாவை மூடினாள். அவளுக்குச் சொல்லத் தெரிந்தது எவ்வளவோ இருந்தது. அதை விட்டுவிட்டு அவரையே கேட்டாள்.

"ஏனுங்க, மருந்தாலன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"நீ இந்த வேலைய விட்டுடோணும். அம்மாவுக்கும் மனசு கொஞ்சம் ஆறும்."

"என்ற ரத்தத்தாலன்னு சொன்னா?"

"அதுக்கு நீ என்ன பண்ணுவ? தலையெழுத்துன்னு விட்டுட வேண்டியதுதான்."

"உங்க ரத்தத்தாலன்னா?"

அவர் தொட்டியைப் பார்த்தார்.

"அம்மாகிட்ட அதச் சொல்ல முடியாது."

"யாராலயும் இல்லன்னா?"

"அப்படியெல்லாம் எப்படி இருக்கும்? ஏதோ ஒண்ணு இருக்குமில்ல."

கோகிலவாணி அவர் எதிரில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"எந்தப் பதிலைச் சொன்னா நீங்க பாப்பாவத் தூக்குவீங்க?"

மோகனசுந்தரம் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

முதல் வலிப்பு வந்தபோது ஆதிரை அவர் மடியில்தான் இருந்தாள். அதன்பிறகு அவர் அவளைத் தொடவே இல்லை.

அவர் கண் கலங்கியது. ஹெல்மெட்டைக் கை மாற்றிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"வண்டியில லைட்டு எரியறதில்ல" என்றார். "வெளிச்சம் இருக்கறப்பவே பொள்ளாச்சிக்குக் கிளம்போணும்."

"மெதுவாப் போங்க" என்றாள் கோகிலவாணி.